காத்திருந்தவனின் முறை

டீச்சர் படியேறி வந்தபோது மாப்பிள்ளை மேஜைக்கு அடியில் இருந்தார். அதற்கு நியாயமான காரணம் உண்டு. பேனா மூடி உருண்டு போயிருந்தது. ஆனாலும் துப்பறியும் அலுவலகத்துக்கு முதல்முறை வருகிறவரை ஊழியரின் முதுகு வரவேற்பது அவ்வளவு நம்பிக்கை தரும் காட்சி இல்லை என்பது அவருக்கே தெரியும். தலையை மேஜையில் ஒருமுறை இடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"உக்காருங்க டீச்சர்," என்றார் அம்பயர், ஜன்னலோரத்திலிருந்து.

மாப்பிள்ளைக்குப் புல்லரித்தது. விரல் நுனியில் சாக்பீஸ் தூளா? கைப்பையின் கனமா? "எப்படி மச்சான் கண்டுபிடிச்சீங்க?"

"காலையில போன் பண்ணும்போது அவங்களே சொன்னாங்க."

அம்பயர் என்பது பட்டப்பெயர். பல வருஷம் கிரிக்கெட் மைதானங்களில் வெள்ளைக் கோட்டோடு நின்றவர் அவர். யார் எவ்வளவு கத்தினாலும் முகத்தில் ஒரு கோடு அசையாது. கேட்டால் மட்டும் தீர்ப்பு சொல்வார். கேட்காதவரை வாயைத் திறக்க மாட்டார். மாப்பிள்ளை அவருடைய தங்கையின் கணவர். வேலை பார்த்த கம்பெனிகள் வரிசையாக மூடிக்கொண்டதில் தன் பங்கு ஒன்றுமில்லை என்று நம்புகிறவர். "எங்க அண்ணனையாவது விட்டு வைங்க," என்று சொல்லித்தான் அவர் மனைவி இங்கே அனுப்பி வைத்தாள்.

டீச்சர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். சாய்ந்தால் அழுதுவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

"என் வீட்டுக்காரர் தவறி ரெண்டு மாசம் ஆகுது. லிஃப்ட் மெக்கானிக். கல்லீரல் போயிடுச்சு. அவர் குடிச்சதே இல்லை சார். அதை முதல்லயே சொல்லிடறேன், எல்லாரும் அதைத்தான் நினைக்கிறாங்க."

"நாங்க நினைக்கலை," என்றார் அம்பயர். ஒரு நொடி நினைத்துவிட்ட மாப்பிள்ளை குனிந்து பேனாவைப் பார்த்தார்.

"கூடப்பிறந்தவங்க ஈரல்ல ஒரு துண்டு குடுத்தா பொழைச்சுக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. இவருக்கு ஒரே தம்பி. எங்க வீட்டு மாடியிலதான் குடியிருக்கார், கண்ணாடிக்கடை வெச்சிருக்கார். டெஸ்ட் எடுத்துக்கிட்டார். அப்புறம் பேச்சே இல்லை. நான் இவரைக் கேட்டேன். 'அவன் யோசிக்கிறான். நீ போய் வாயைத் திறக்காதே, கேட்டு வாங்குற பொருளா அது'ன்னார். என்கிட்ட சத்தியமே வாங்கிக்கிட்டார். ஒரு நாள் பாத்தா தம்பி ஊர்லயே இல்லை. மாசமா இருக்கற பொண்டாட்டிக்கு உடம்பு சரியில்லைன்னு அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டார். அந்த வாரமே இவர் போயிட்டார்."

அம்பயர் ஜன்னலோரத்தை விட்டு வந்து அவர் எதிரே உட்கார்ந்தார்.

"நாங்க என்ன கண்டுபிடிக்கணும்?"

"ஒரு விளையாட்டு," என்றார் டீச்சர். தான் சொன்னது எப்படி ஒலிக்கிறது என்று அவருக்கே தெரிந்திருந்தது. "சிரிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை ஆனா பல் டாக்டர் கிளினிக்ல கூடுவாங்க. மேஜை மேல கட்டம் போட்டு, பொம்மை வெச்சு, பகடை உருட்டி. ஒருத்தர் போர்வீரன், ஒருத்தர் வில்லாளி. டாக்டர் கதையை நடத்துவார். இவர் கடைசியா ஆடின அன்னிக்கு இவரோட வீரன் செத்துட்டான். பக்கத்துல தம்பியோட ஆளு, கேடயக்காரன். அடியைத் தடுக்க ஒரு கார்டு உண்டாம். அதை அவர் போடவே இல்லை. கூட ஆடுற கொரியர்காரர் துக்கத்துக்கு வந்தப்ப அழுதுகிட்டே சொன்னார், 'கார்டு நிமிர்ந்தபடியே இருந்துச்சு டீச்சர், கையில இருந்தும் போடலை'ன்னு."

"அதனால?"

"ஒரு மனுஷன் மனசுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு ஆஸ்பத்திரியில கண்டுபிடிக்க முடியாது சார். விளையாட்டுக்கு ரூல் இருக்கு. பாத்தா தெரிஞ்சிடும்." குரல் உடையாமல் நின்றது. "மாற்றல் வாங்கிட்டேன். திங்கக்கிழமை காலையில லாரி வருது. மாடியில புதுசாப் பிறந்த குழந்தை அழுவுது. நான் போய் முகத்தைக்கூட பாக்கலை. குழாயைத் திறந்து விட்டுக்கறேன், சத்தம் கேக்காம இருக்க. விளையாட்டுலகூட அண்ணனைக் காப்பாத்த மனசு வராத ஆள்னா நிம்மதியாப் போயிடுவேன். இல்லைன்னா..."

அம்பயர் கிளினிக் முகவரியை வாங்கிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பல் கிளினிக் பூட்டியிருந்தது. டாக்டரே கதவைத் திறந்தார். ஊசியைக் காட்டுமுன் நோயாளியிடம் பேசுகிற மென்மையான குரல் அவருக்கு. கொரியர்காரர் காத்திருப்போர் பெஞ்சில், கடைவாய்ப்பல்லின் பெரிய படத்துக்குக் கீழே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"ரூல் எல்லாம் சொல்றேன்," என்றார் டாக்டர். "அன்னிக்கு நடந்ததை மட்டும் என்கிட்ட கேக்காதீங்க. அண்ணனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

'அண்ணன்' என்றுதான் எல்லாரும் இறந்தவரைச் சொன்னார்கள், வயதில் மூத்த டாக்டர் உட்பட.

உள்ளறையில் மேஜைமேல் ஒரு போர்வை. டாக்டர் அதை விலக்கினார். அன்றைக்கு விட்டபடியே இருந்தது ஆட்டம். கலைக்க யாருக்கும் கை வரவில்லையாம். கட்டம் போட்ட பலகை. பக்கவாட்டில் விழுந்து கிடக்கும் வீரன். அவன் தலைமாட்டில் கதாயுதம் ஏந்திய பூதம். வீரனை ஒட்டி நிற்கும் கேடயக்காரன். அவன் கழுத்தில் ஒரு சிவப்பு ரப்பர் வளையம். சற்றுத் தள்ளி, குழியோரத்தில், கட்டைவிரல் அளவில் ஒரு குட்டிச்சாத்தான். வில்லாளி வெகுதூரத்தில், குகைவாசலில்.

மாப்பிள்ளை பொம்மைகளைப் பார்த்த பார்வையில் சிறுவயது ஏக்கம் ஒன்று எட்டிப் பார்த்தது. அதை இருமி மறைத்தார்.

"சிவப்பு வளையம் எதுக்கு?" என்றார் அம்பயர்.

"உயிர் ஊசலாடுதுன்னு அர்த்தம். இன்னும் ஒரு பெரிய அடி பட்டா தம்பியோட ஆளு காலி."

"முறை எப்படி?"

டாக்டர் ஓர் அட்டையைக் காட்டினார். அதன் மேல்விளிம்பில் துணி காயப்போடும் கிளிப்புகள் வரிசையாக நின்றன. "சண்டை ஆரம்பிக்கும்போது ஆளுக்கு ஒரு தடவை பகடை உருட்டணும். அதிகம் விழுந்தவருக்கு முதல் முறை. கிளிப்ல நம்பர் எழுதியிருக்கும். நீலம் தம்பி, சிவப்பு பூதம், பச்சை அண்ணன், மஞ்சள் கொரியர். கடைசி ஆள் முடிச்சதும் மறுபடி முதல் ஆள். முறை வரும்போது நகரலாம், ஒரு காரியம் பண்ணலாம். முறை இல்லாத நேரத்துல குறுக்கே ஒரே ஒரு காரியம் பண்ணலாம். அதுக்குப் பேரு ரியாக்‌ஷன். பண்ணினா கார்டைக் கவிழ்க்கணும். திரும்ப நம்ம முறை தொடங்கும்போதுதான் நிமிர்த்தலாம்."

"கேடயக்காரனுக்கு?"

"பக்கத்துல நிக்கறவர்மேல விழற அடியைத் தான் வாங்கிக்கலாம். வாங்கினா ஒரு கறுப்புக் கல்லை எடுத்து, அடிச்சவன் காலடியில வைக்கணும். சின்ன அடின்னா கேடயம் தாங்கும். பூதத்தோட அடின்னா கேடயத்தோட சேர்ந்து ஆளும் போயிடுவான்."

மாப்பிள்ளை கிளிப்புகளை உற்றுப் பார்த்தார். நீலத்தில் பத்தொன்பது. அடுத்து பச்சையில் எட்டு. அடுத்து சிவப்பில் பதினாலு. கடைசியில் மஞ்சள், ஐந்து. இன்னொருமுறை எண்ணிப் பார்த்தார்.

"மச்சான், பிடிச்சிட்டேன்," என்றார், டாக்டருக்கும் கேட்கும் ரகசியக் குரலில். "எட்டு எப்படிப் பதினாலுக்கு முன்னாடி வரும்? வரிசையை மாத்தியிருக்காங்க. கிளிப்பைத் தொடறது டாக்டர்தான். குற்றவாளி டாக்டர்."

டாக்டர் கோபப்படவில்லை. ஈறு வீங்கிய நோயாளியைப் பார்க்கும் கனிவோடு பார்த்தார். "வரிசையை மாத்தறதுக்கு ரூல் உண்டு சார். தன் முறை வரும்போது 'காத்திருக்கேன்'னு சொல்லி விட்டுக்குடுக்கலாம். அப்புறம் வேற ஒருத்தர் முறை முடிஞ்சதும் உள்ள நுழையலாம். கிளிப் அங்க மாறிடும்."

மாப்பிள்ளையின் கண்டுபிடிப்பு வந்த வழியே திரும்பிப் போனது.

"குட்டிச்சாத்தானுக்குக் கிளிப்பே இல்லையே," என்றார் அம்பயர்.

"கடைசிச் சுத்துலதான் குழியிலேருந்து வந்துச்சு. புதுசா வந்ததுக்கு அடுத்த சுத்துலதான் முறை."

"முறை இல்லாம அது யாரையாவது அடிக்க முடியுமா?"

"ஒரே ஒரு வழி. அது பக்கத்துல நிக்கறவர் அதை விட்டு விலகி நடந்தா, போற போக்குல ஒரு அடி வெக்கலாம். அதுதான் அதோட ரியாக்‌ஷன்."

அம்பயர் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். குட்டிச்சாத்தானின் காலடியில், அதன் நிழல் போல, ஒரு கறுப்புக் கல் இருந்தது. பூதத்தின் காலடியில் ஒன்றுமில்லை. கேடயக்காரனின் கார்டு கொரியர்காரர் சொன்னபடியே நிமிர்ந்திருந்தது.

வெளியே வந்து அவர் கொரியர்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். "அண்ணனோட ஆளு விழுந்ததை நீங்க ஏன் பாக்கலை?"

"போன் வந்துச்சு சார். பார்சல் விஷயம். கீழ போயிட்டேன். பூதத்தோட முறைக்கு முன்னாடி அண்ணனோட ஆளு நின்னுட்டிருந்தானான்னுகூட எனக்குத் தெரியாது. திரும்பி வந்தா கீழ கெடக்கான். என் முறையை டாக்டர் தாண்டி விட்டுட்டார். தம்பி பகடையைக் கையில வெச்சுக்கிட்டு உருட்டாம உக்காந்திருந்தார். கார்டு நிமிர்ந்திருந்துச்சு. ஏன்டா போடலைன்னேன். 'என் தப்புதான்'னு எழுந்து போயிட்டார்."

"அண்ணன் எப்படி ஆடுவார்?"

கொரியர்காரர் முகம் மலர்ந்து உடனே சுருங்கியது. "ரூலைக் கரைச்சுக் குடிச்சவர் சார். எங்களுக்கு அவர் சொல்லிக் குடுத்த தந்திரமே அதுதான். எதிரிகிட்ட சின்ன ஆளை ஓடவிடு. சின்ன அடிக்கு அவன் ரியாக்‌ஷனைச் செலவு பண்ணிடுவான். அப்புறம் பெரிய ஆளு நடந்து போகலாம், அவன் வேடிக்கைதான் பாக்கணும்."

அம்பயர் கண்ணாடியைக் கழற்றினார். கவலைப்படும்போது அவர் செய்கிற ஒரே காரியம் அது. "மாப்ளே, டீச்சரை வரச் சொல்லுங்க. தம்பியையும்."

அண்ணியும் கொழுந்தனும் மேஜையின் எதிரெதிர்ப் பக்கம் நின்றார்கள். ஒரே வீட்டுப் படிக்கட்டில் இரண்டு மாதமாக ஒருவர் காலடியை ஒருவர் கேட்டு ஒதுங்கியவர்கள். தம்பிக்குக் கண்களுக்குக் கீழே கருவளையம். சட்டைத் தோளில் குழந்தை கக்கிய பால் காய்ந்திருந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிறவர் விழுந்த பொம்மையைப் பார்க்காமல் பார்வையைச் சுவரில் வைத்திருந்தார்.

"டாக்டர், நீங்க எதுவும் சொல்ல வேண்டாம்," என்றார் அம்பயர். "நான் தப்பாச் சொன்னா மட்டும் நிறுத்துங்க."

டாக்டர் தலையசைத்தார்.

"இந்தக் கல் குட்டிச்சாத்தான் காலடியில இருக்கு. அதாவது அது அடிச்ச அடியைக் கேடயக்காரன் இன்னொருத்தருக்காக வாங்கியிருக்கான். யாருக்காக? வில்லாளி வாசல்ல இருக்கான். மிச்சம் அண்ணன்தான். குட்டிச்சாத்தானுக்கு முறையே வரலை. அப்ப அது அடிக்கணும்னா அண்ணன் அதை விட்டு விலகி நடந்திருக்கணும். செத்தவன் நடக்க மாட்டான். அதனால இது பூதம் அடிக்கறதுக்கு முன்னாடி நடந்தது."

"அப்ப கார்டு?" என்றார் டீச்சர்.

"அந்த அடிக்கே கார்டு கவிழ்ந்திடுச்சு டீச்சர். பூதம் அடிச்சப்ப உங்க கொழுந்தன் கையில ஒண்ணுமே இல்லை. அண்ணன் விழுந்தார். கொரியர் இல்லாததால அவர் முறை தாண்டிடுச்சு. திரும்பத் தம்பியோட முறை. முறை வந்தா கார்டை நிமிர்த்தணும். பழக்கத்துல நிமிர்த்திட்டார். அதுக்கப்புறம் பகடையை உருட்ட முடியலை. அந்த நேரத்துல கொரியர் உள்ள வந்தார். அவர் கண்ணால பாத்தது நிஜம். பாத்த நேரம்தான் தப்பு."

கொரியர்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

தம்பி முதல்முறையாகப் பேசினார். "ஆனாலும் என் தப்புதான். குட்டிச்சாத்தான் அடி என்ன பெரிய அடி? அண்ணன் தாங்கியிருப்பார். நான் அவசரப்பட்டுக் கேடயத்தை நீட்டிட்டேன். கொஞ்சம் பொறுத்திருந்தா..."

"உங்க அண்ணன் எதுக்குக் குட்டிச்சாத்தானை விட்டு நடந்தார்?"

"கவனிக்காம நடந்திருப்பார்."

"ரூலைக் கரைச்சுக் குடிச்சவர் கவனிக்காம நடக்க மாட்டார்." அம்பயர் பச்சைக் கிளிப்பைத் தொட்டார். "இவரோட இடம் பூதத்துக்குப் பின்னாடி. போன சுத்துல தன் முறையை விட்டுக்குடுத்துட்டுக் காத்திருந்தார். எதுக்கு? தம்பிக்கு அப்புறம், பூதத்துக்கு முன்னாடி, இந்தச் சின்ன இடுக்குல நுழையறதுக்கு. நுழைஞ்சு, வேணும்னே குட்டிச்சாத்தானைத் தாண்டி நடந்து, பூதத்தோட காலடியில போய் நின்னார். தன்மேல துரும்பு விழுந்தாலும் தம்பி கையை நீட்டுவார்னு அவருக்குத் தெரியும். சின்ன அடிக்குத் தம்பியோட கார்டைச் செலவு பண்ண வெச்சார். பெரிய அடிக்குத் தம்பி குறுக்க வந்தா தம்பி செத்துடுவார். அந்தச் சிவப்பு வளையம். எதிரிகிட்ட ஆடுற ஆட்டத்தைத் தம்பிகிட்டயே ஆடினார், அவரைக் காப்பாத்த."

மாப்பிள்ளை கைக்குட்டையைத் தேடினார். விளையாட்டுப் பொம்மைக்குக் கண்கலங்குகிற துப்பறிவாளனை யார் வேலைக்கு வைப்பார்கள் என்று யோசித்துச் சமாளித்தார்.

"இதுக்கு மேல ஒண்ணு இருக்கு," என்றார் அம்பயர். "அதைச் சொன்னா ஒருத்தருக்கு லேசாகும், ஒருத்தருக்கு பாரமாகும். கேட்டாத்தான் சொல்லுவேன். ரெண்டு பேரும் கேக்கணும்."

டீச்சர் கொழுந்தனைப் பார்த்தார். இரண்டு மாதத்தில் முதல்முறை நேராகப் பார்த்தார். "சொல்லுங்க," என்றார். தம்பியும் சம்மதமாகத் தலையை ஆட்டினார்.

"டெஸ்ட் என்ன ஆச்சுன்னு அண்ணன் உங்ககிட்ட என்ன சொன்னார்?"

"பொருந்தலைன்னார். ரிசல்ட்டை அவர்தான் கேட்டுட்டு வந்தார். அந்த ஆஸ்பத்திரி லிஃப்டைப் பாத்துக்கறதே அவர்தானே, எல்லாரையும் தெரியும். 'உன் ஈரலும் உன்னை மாதிரியே, எதுக்கும் ஒத்துவரலை'ன்னு சிரிச்சார்." தம்பி அண்ணியின் பக்கம் திரும்பினார். "அண்ணி, உங்களுக்குத் தெரியும்தானே?"

டீச்சரின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது. "நீங்க யோசிக்கிறீங்கன்னு சொன்னார். கேக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினார்."

"நான் யோசிக்கவே இல்லையே அண்ணி."

"நிஜமாவே பொருந்தலைன்னா," என்றார் அம்பயர் மெதுவாக, "மனைவிகிட்டயும் அதையே சொல்லியிருக்கலாம். தம்பிமேல பழி போட வேண்டிய அவசியமே இல்லை. ஆனா பொருந்தலைன்னு சொன்னா டீச்சர் சும்மா இருக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போய் நிப்பாங்க, இன்னொரு தடவை பாருங்கன்னு. உண்மை வெளிய வந்துடும். பொருந்துது, நான்தான் வேண்டாங்கறேன்னு சொன்னா, அன்னிக்கே தம்பியை இழுத்துட்டுப் போயிருப்பாங்க. ரெண்டு பேரையும் அசையவிடாம நிறுத்த ஒரே வழி, ஆளுக்கு ஒரு பொய். பொருந்தினா மட்டும்தான் ரெண்டு பொய் தேவைப்படும். ஆஸ்பத்திரியில நீங்களே கேட்டுக்கலாம். எனக்குச் சந்தேகம் இல்லை."

"மாமியார் வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டி பக்கத்துல இருன்னு என்னை அனுப்பினதே அண்ணன்தான்," என்றார் தம்பி. குரல் யாருடையதோ போல இருந்தது. "அவ 'சும்மா லேசான காய்ச்சல்தான், எதுக்கு வந்தீங்க'ன்னு கேட்டா."

அந்தக் காய்ச்சல்தான் சின்ன அடி, என்று மாப்பிள்ளையின் மனதில் ஓடியது. வாய்விட்டுச் சொல்லாமல் இருந்தது அவர் வாழ்நாளில் செய்த புத்திசாலித்தனங்களில் ஒன்று.

பல் டாக்டர் சுவரில் சாய்ந்தார். "அன்னிக்கு நீங்கள்லாம் போனப்புறம் அண்ணன் இங்கதான் உக்காந்திருந்தார். 'ஆபரேஷன்ல அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா பிறக்கப்போற குழந்தைக்கு நான் என்ன பதில் சொல்றது'ன்னார். யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு வாக்கு வாங்கினார். அப்புறம் பலகையைப் பாத்து, 'டாக்டர், பாத்தீங்கல்ல, அவனால தடுக்க முடியலை. இது வேலை செய்யும்'னார். இப்ப நான் எதையும் உடைக்கலை. நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க." ரொம்ப நாளாகச் சுமந்ததை இறக்கி வைத்தவர் போலப் பெருமூச்சு விட்டார்.

தம்பி உட்கார்ந்துவிட்டார். அழவில்லை. "அப்ப நான் குடுத்திருக்கலாம்," என்றார். திரும்பவும் அதையே சொன்னார். மூன்றாம் முறை சொல்லுமுன் டீச்சர் மேஜையைச் சுற்றி வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"உங்க அண்ணன் ஒரு முடிவு பண்ணிட்டா யார் சொல்லிக் கேட்டார்?" என்றார். "கல்யாணத்தன்னிக்கே நின்னுபோன மண்டப லிஃப்டைச் சரி பண்ணிட்டுத்தான் மேடைக்கு வந்தார். எங்கப்பா கெஞ்சினார்." அவர் குரலில் கோபம் இருந்தது. இத்தனை நாளும் மாடியை நோக்கி இருந்த கோபம், இப்போது சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அவரோ அதற்குப் பதில் சொல்ல இல்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை பாத்தீங்களா. என் முறை வரவே விடலை."

பிறகு டீச்சர், நிமிர்ந்திருந்த கார்டைக் காட்டி டாக்டரைக் கேட்டார்: "இது இப்ப யாரைக் காப்பாத்தும்?"

"பக்கத்துல நிக்கறவங்களை," என்றார் டாக்டர்.

டீச்சர் நின்ற இடத்திலேயே நின்றார்.

திங்கட்கிழமை காலை லாரி வந்தது. அதைத் திருப்பி அனுப்பும் பொறுப்பு மாப்பிள்ளைக்கு. துப்பறிவதில் சோபிக்காதவர்களுக்கென்றே சில வேலைகள் இருக்கின்றன.

"சாமான் ஏத்தணும்னு வரச் சொல்லிட்டு இப்ப வேண்டாம்னா?" என்றார் டிரைவர். அதைத் தொடர்ந்து அவர் சொன்னதில் மாப்பிள்ளையின் வம்சம் முழுவதும் ஒருமுறை வந்து போனது. மாப்பிள்ளை எல்லாவற்றையும் தலையாட்டி வாங்கிக்கொண்டார். தனக்கும் ஒரு கேடயம் இருப்பதாக நினைத்துக்கொண்டால் அவ்வளவு வலிக்கவில்லை.

லாரி தெருமுனை திரும்பியதும் மாடியில் குழந்தை வீரிட்டது. கீழே குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை கேட்டபடியே நின்றார்.

குழாய் நின்றது.

"யாருப்பா அது இப்படிக் கத்தறது," என்று டீச்சரின் குரல் படிக்கட்டை நோக்கி வந்தது. "தூக்கிட்டுக் கீழ வாங்க. பெரியப்பா மாதிரியே பிடிவாதமான்னு நான் பாக்கறேன்."